குமரி மாவட்டத்தில் வண்டிக்குக் கவர் போடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குளச்சலுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடிவந்த முதல் வருடம். ஆனி மாதம் பிறந்ததும் என் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கவர் வாங்கிப் போட்டேன். அப்புறம் ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். கவரைக் கழற்றியபோது ஸ்போக்ஸ் எல்லாம் செந்நிறமாகத் துருவேறியிருந்தது. செயின் ஓரிடத்தில் மடங்கியது மடங்கியபடியே நின்றது. எஞ்சின் பக்கவாட்டில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் பொடி. பக்கத்து வீட்டு அண்ணன் கவரே போடாமல் வெளியே நிறுத்தியிருந்த பழைய வண்டி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கவர் மழையைத் தடுத்தது உண்மைதான். உள்ளே இருந்த உப்பையும் ஈரத்தையும் வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருந்ததும் அதே கவர்தான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கற்றுக்கொண்டதை, இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வருபவர்களுக்காகவும் முதல் வண்டி வாங்கியவர்களுக்காகவும் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று: கழுவிய, காய்ந்த, ஆறிய வண்டியின் மேல்தான் கவர் ஏற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கவர் கெடுதல் செய்யும்.

இங்கே வண்டியைக் கெடுப்பது எது

பலரும் மழை என்று நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரல் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஆனால் மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர். வண்டியில் படிந்த உப்பை அது கழுவிக்கூட விடும். துருவுக்கு முதல் காரணம் கடற்காற்று கொண்டுவரும் உப்புதான்.

ஆடி மாதத்தில் அடுப்படி உப்பு பரணியைத் திறந்து பாருங்கள், நீர்த்துப்போய் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சமையல் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். வண்டியின் போல்ட் தலையிலும் ஸ்போக்ஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் உப்பும் அப்படியே கரைந்து, இரவெல்லாம் உப்புத்தண்ணீராக நிற்கும். பகல் காற்றில் அது உலர வேண்டும். காற்றுப் போகாத கவரை மேலே போட்டால் உலராது.

இரண்டாவது எதிரி மணல். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. அந்தக் கரையில் மணல் அங்கங்கே சிவப்பாகத் தெரிவதற்குக் கார்னெட்தான் காரணம். உப்புத்தாள் செய்யவும் உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் பயன்படும் அளவுக்குக் கடினமான பொருள் அது. அந்த மணல் கவரின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, காற்றில் கவர் படபடவென்று அடித்தால் டேங்கின் பெயிண்டுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி விற்கும்போது டேங்கில் தலைமுடி போல மெல்லிய கோடுகளைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். அவற்றில் பாதி கவர் போட்ட கோடுகள்.

உங்கள் வீடு எந்தப் பக்கம்?

கவர் வாங்கும் முன் இதை யோசியுங்கள். மாவட்டம் சின்னதுதான். ஆனால் கன்னியாகுமரிக்கும் குலசேகரத்துக்கும் நடுவே வானிலை அவ்வளவு மாறும்.

கடலோரத்தில், அதாவது தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி பக்கங்களில் இருந்தால் காற்றோட்டத் துவாரம் உள்ள கவர்தான் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. துணி கொஞ்சம் மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளை பக்கம் காற்றுக்குப் பேர்போனது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பது சும்மா இல்லை, கணவாய் வழியாக மேற்குக் காற்று அப்படிப் பாய்ந்து வருகிறது. அங்கே கவரின் துணியைவிட அதைக் கட்டும் பட்டைதான் முக்கியம். எஞ்சினுக்குக் கீழே போட்டு மாட்டும் வயிற்றுப்பட்டை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஓரத்தில் எலாஸ்டிக் மட்டும் வைத்த கவர் ஒரு வாரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும்.

குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பேச்சிப்பாறை பக்கத்தில் உப்பு குறைவு, மழையும் நிழலும் அதிகம். ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால் வெயில் தரையைத் தொடுவதே அரிது. அங்கே சீட்டிலும் கவரின் உள்பக்கத்திலும் பூஞ்சைதான் தொல்லை. தடித்த துணி, இறுகிய தையல், அடிக்கடி வெயில் காட்டுவது ஆகியவை அங்கே தேவை. நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களுக்குள் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் நிறுத்துபவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். தூசியும் பறவை எச்சமும் படாமல் இருக்கச் சாதாரணக் கவரே போதும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

பெரும்பாலான கவர்கள் பாலியெஸ்டர் துணியில், தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளே ஒரு பூச்சு பூசி வரும். அட்டையில் டெனியர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர், எண் கூடினால் நூல் தடிமன் என்று அர்த்தம். இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கையில் எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள்.

துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தையல் ஓரத்தைப் பாருங்கள். ஊசித் துளைகள் நட்சத்திரம்போல மின்னினால் மழை அந்த வழியாகத்தான் இறங்கும். தையலுக்கு உள்பக்கம் பட்டை ஒட்டியிருந்தால் நல்லது. அடுத்து, உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு பொடியாகவோ பிசுபிசுப்பாகவோ கையோடு வந்தால் அது கடையிலேயே பழசாகிவிட்ட சரக்கு. இந்தப் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சிதைந்துபோகும் தன்மை உள்ளது, நம் ஊரிலோ இரண்டுமே தாராளம். மூன்றாவதாக, காற்றோட்டத் துவாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே குடை போல மடிப்பு வைத்து அதற்கு அடியில் வலை தைத்திருக்க வேண்டும். வெறும் துளை என்றால் சாரல் உள்ளே போகும்.

அளவைப் பொறுத்தவரை, 100 சிசி வண்டிகள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். புல்லட் மாதிரி 350 சிசி வண்டிகள் 2.1 மீட்டரைத் தாண்டும். கிராஷ் கார்டு, பின்பெட்டி, உயரமான கண்ணாடி இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கண்ணாடிக்குத் தனிப் பை வைத்துத் தைத்த கவர் அந்த வண்டிக்கென்றே செய்ததாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் இழுத்து இழுத்தே கிழியும். கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். தரையைத் தொடும் கவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுபோகும்.

நீலத் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதில் காற்று துளியும் போகாது, விறைப்பான ஓரம் பெயிண்டையும் சீவும்.

போடும் முறை

முதலில் கழுவுதல். தினமும் முழு வண்டியையும் கழுவச் சொல்லவில்லை. கடலோரத்தில் இருந்தால் வாரம் ஒருமுறையாவது இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மேலே டேங்கை விட்டாலும் பரவாயில்லை, கீழ்ப்பகுதியை விடாதீர்கள். மட்கார்டின் உள்பக்கம், ஸ்போக்ஸ், சைடு ஸ்டாண்டு, பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்), இங்கெல்லாம்தான் உப்பு தங்கும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அதைக் கொண்டு கழுவுவதில் பயனில்லை, கடைசி வாளியாவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும்.

அடுத்தது துடைத்துக் காயவைப்பது. கழுவியதும் பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் தெருவில் ஓட்டிவிட்டு வாருங்கள். துணி போகாத இடுக்கில் நிற்கும் தண்ணீர் எஞ்சின் சூட்டிலும் காற்றிலும் போய்விடும். பிரேக்கும் காயும். கையோடு செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள்.

இப்போது வண்டி சூடாக இருக்கும். அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் அப்படியே நிற்கட்டும். பாலியெஸ்டர் 250 முதல் 260 டிகிரியில் உருகும். ஓடி வந்து நின்றதும் பெண்ட் பைப் அந்தச் சூட்டில் இருக்கக்கூடும், கவரின் பூச்சு அதற்கு முன்பே இளகிவிடும். உருகிய துணி சைலன்சரில் ஒட்டினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சில கவர்களில் சைலன்சர் பக்கம் சூடு தாங்கும் துணி தைத்திருப்பார்கள். அது இருந்தாலும் காத்திருங்கள்.

ஆறியதும் கவரை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி இரண்டு உதறு உதறுங்கள். மணல் போகட்டும். பிறகு முன்சக்கரத்தில் தொடங்கி, ஹேண்டில்பார், கண்ணாடி என்று ஏற்றி, பின்பக்கமாக மெல்ல இழுத்து வாருங்கள். டேங்கின்மேல் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி விடுவது நல்லது. கடைசியில் வயிற்றுப்பட்டையைச் சைலன்சரில் படாமல் மாட்டி, கவர் படபடக்காத அளவுக்கு இறுக்குங்கள். ஓரத்தில் வளையம் வைத்த கவர் என்றால் அதன் வழியாகச் சங்கிலியைச் சக்கரத்தோடு கோத்துப் பூட்டிவிடலாம், கவரும் களவு போகாது.

மண் தரையில் நிறுத்துபவர்கள் சக்கரத்துக்கு அடியில் பலகையோ பாவுகல்லோ போடுங்கள். செம்மண் மழைக்காலம் முழுவதும் ஈரத்தை வைத்திருக்கும், அந்த ஆவி நேராகக் கவருக்குள் ஏறும்.

சரி, இரவு ஒன்பது மணிக்கு மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறீர்கள். வண்டி முழுக்க ஈரம். என்ன செய்வது? அன்றிரவு கவர் போடாதீர்கள். சாய்ப்போ படிப்புரையோ இருந்தால் அங்கே ஏற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் சீட்டுக்கும் மீட்டருக்கும் மட்டும் சின்ன உறை மாட்டிவிட்டு மழையில் நிற்க விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டுக் கவர் போடலாம். புதியவர்களுக்கு இதுதான் மனசு வராத காரியம், மழை பெய்யும்போது கவர் போடாமல் இருப்பதாவது என்று தோன்றும். ஆனால் ஓர் இரவு மழையில் நிற்பதைவிட, ஈரத்தோடு ஒரு வாரம் மூடிக் கிடப்பதுதான் வண்டியை அதிகம் கெடுக்கும்.

கழற்றும்போது

நேராகக் கீழ் ஓரத்துக்குள் கையை விடாதீர்கள். முதலில் சீட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். கவரின் இருட்டும் கதகதப்பும் பூனைக்கும் பிடிக்கும், பூரானுக்கும் பிடிக்கும், மழைக்காலத்தில் பாம்புக்கும் பிடிக்கும். தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்கள் ஒரு கம்பால் கவரைத் தட்டிவிட்டு, மேலிருந்து தூக்கிக் கழற்றுங்கள். சில நாள் நின்ற வண்டி என்றால் சைலன்சர் வாயையும் சாவித் துளையையும் பாருங்கள், மண்குளவி அடைத்து வைத்திருக்கும். விறகு அடுக்கிய இடத்துக்கும் தேங்காய்க் கதம்பைக் குவியலுக்கும் பக்கத்தில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். கவர் அதற்கு மறைவிடமும் கொடுத்துவிடுகிறது.

கழற்றிய கவரைத் தரையில் போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சீட்டின்மேல் தூக்கிப் போட்டு, வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடு சேரும்படி மடித்து, முன்னாலிருந்து சுருட்டுங்கள். தூசி மடிப்புக்குள்ளேயே நின்றுவிடும். சுருளை நாற்காலியிலோ கயிற்றிலோ வையுங்கள்.

அப்போதே டேங்கைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே மழை இல்லாத இரவுக்குப் பிறகும் டேங்க் வியர்த்திருந்தால் கவருக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். இரவில் இரும்பு குளிர்ந்து, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று அதன்மேல் தண்ணீராகப் படிகிறது. பட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் சீட்டுக்கும் கவருக்கும் நடுவே ஒரு பழைய சைக்கிள் டயரைக் குறுக்கே வையுங்கள், காற்று போக இடைவெளி கிடைக்கும். எனக்கு இது நன்றாகவே உதவுகிறது.

வண்டியை எடுக்காத வாரங்களிலும் வெயில் அடிக்கும் ஒரு காலையில் இரண்டு மணி நேரம் கவரைக் கழற்றி வையுங்கள்.

கவரைக் கழுவுவது

மாதம் ஒருமுறை போதும், கடலோரத்தில் இரண்டுமுறை. அகலமான வாளியில் பச்சைத் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் ஷாம்பூவோ மென்மையான சோப்புத் தண்ணீரோ கலந்து, மெத்தென்ற துணியால் துடையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரிந்துவிடும். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அலச மறக்க வேண்டாம், உப்பும் மணலும் அங்கேதான் இருக்கின்றன. பிறகு கொடியில் நிழலில் போட்டு இருபுறமும் திருப்பிக் காயவையுங்கள். ஈரமாக மடித்து வைத்தால் இரண்டு நாளில் முடைநாற்றம் அடிக்கும், நாலாவது நாள் கரும்புள்ளி விழும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் வினிகரில் இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவுங்கள். கறை முழுதும் போகாது, ஆனால் பரவுவது நிற்கும்.

சக்கை (பலா) மரத்துப் பிசின் விழுந்தால் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு எடுத்து, உடனே சோப்பால் கழுவிவிடுங்கள். ரப்பர் பால் காய்ந்த பிறகு உரித்தால் தோல்போல வந்துவிடும், ஈரமாக இருக்கும்போது தேய்த்தால்தான் பரவும். பறவை எச்சத்தையும் புன்னை மரத்து வௌவால் எச்சத்தையும் காயவிடாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். தென்னைக்கு அடியில் மட்டும் எந்தக் கவரையும் நம்பி நிறுத்தாதீர்கள். மட்டை விழுந்தால் கவரா தாங்கப்போகிறது?

பெருங்காற்று நாட்களில்

கவர் போட்ட வண்டி பாய் விரித்த தோணி மாதிரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு, காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் கவரைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்துச் சுவரோரமாக நிறுத்துங்கள்.

அவ்வளவு வேகமில்லாத, ஆனால் நாள் முழுக்க வீசும் மேற்குக் காற்றுக்கு வேறு வழி உண்டு. சைடு ஸ்டாண்டில் வண்டி இடதுபக்கம் சாய்ந்து நிற்கும். காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் வண்டி ஸ்டாண்டின்மேல் அழுந்தும், அது தாங்கும். இடப்பக்கத்திலிருந்து அடித்தால் வண்டி நிமிர்ந்து மறுபக்கம் சரிந்துவிடும். ஆகவே ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் வண்டியின் முகம் தெற்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் மேற்கே இருக்கும். முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் இடமிருந்தால் அதைவிட நல்லது, சுவரே காற்றைத் தடுத்துவிடும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் வண்டிகள் கவருக்குள் மாதக்கணக்கில் நிற்பது இங்கே தெருவுக்கு ஒன்று. போகும் முன் நன்றாகக் கழுவிக் காயவைத்து, செயினுக்கு கிரீசும் வெளியே தெரியும் போல்ட்களுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் கொடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். சைலன்சர் வாயில் துணிப்பந்து அடைத்து, அதிலிருந்து ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிடுங்கள், திரும்பி வந்து ஸ்டார்ட் செய்யும்போது மறக்காமல் எடுக்க அதுதான் அடையாளம். வீட்டில் இருப்பவர்களிடம் சாவியைக் கொடுப்பதோடு, வாரம் ஒருநாள் கவரைக் கழற்றி வெயில் காட்டும் வேலையையும் ஒப்படையுங்கள். அம்மாவோ தம்பியோ அதை மட்டும் செய்தால் போதும். இந்த ஒன்றைச் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம் வந்து பார்க்கும்போது தெரியும்.

கிழிந்தால்

சின்னக் கிழிசலை அன்றைக்கே கவனியுங்கள், காற்று அதை ஒரே இரவில் முழ நீளமாக்கும். தையல் போட்டால் ஊசித் துளை கூடும், அதனால் இருபுறமும் ஒட்டுத்துணி வைத்து ஒட்டுவது மேல். தையல்தான் வழி என்றால் குடை தைப்பவரிடம் கொடுங்கள், நூலின்மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டால் ஓரளவு தண்ணீர் தடுக்கும்.

உள்பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிட்டால் அந்தக் கவரை வண்டிக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள். உதிரும் பூச்சு டேங்கிலும் சீட்டிலும் ஒட்டிப் பிசின்போல ஆகும். எங்கள் வீட்டில் அப்படி ஓய்ந்த கவர் இப்போது விறகுக் குவியல்மேல் கிடக்கிறது. அதன் வயிற்றுப்பட்டையும் கொக்கியும் நன்றாகவே இருந்தன, வெட்டி எடுத்துப் புதிய கவரில் இரண்டாவது பட்டையாகத் தைத்துக்கொண்டேன்.